புது மீன்தொட்டியின் முதல் ஆறு வாரங்கள்: தீனியும் தண்ணீர் மாற்றமும்

ஞாயிற்றுக்கிழமை வண்ணமீன் கடைகள் நிறைந்த சென்னைக் கொளத்தூருக்குப் போய் இரண்டடித் தொட்டி, ஒரு பவர் ஃபில்டர், வண்ணக் கற்கள், ஆறு கப்பி மீன், ஒரு டப்பா தீனி எல்லாம் வாங்கி வருகிறோம். மாலைக்குள் தண்ணீர் நிரப்பி மீனையும் விட்டாகிவிடும். முதல் மூன்று நாட்கள் ஒரு குறையும் தெரியாது. நான்காம் நாள் வாக்கில் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுக்கும். அடுத்த வாரம் ஒரு மீன் மூலையில் ஒதுங்கி நிற்கும், மறுநாள் மிதக்கும். மூன்றாம் வாரம் முடிவதற்குள் பாதி மீன் போயிருக்கும். "இந்த மீன் நமக்கு ராசி இல்ல" என்று தொட்டியை மொட்டைமாடிக்கு ஏற்றிய வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம்.

இந்தச் சாவுகளில் பெரும்பாலானவற்றைத் தடுக்க முடியும். மீன் கெட்ட மீனும் இல்லை, தண்ணீர் கெட்ட தண்ணீரும் இல்லை. தொட்டி புதியது என்பதுதான் காரணம். மீனின் கழிவிலுள்ள அம்மோனியா என்ற நஞ்சைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் அதில் இன்னும் குடியேறவில்லை. அவை குடியேறிப் பெருகும் காலத்தைத்தான் மீன் வளர்ப்போர் 'தொட்டி சைக்கிள் ஆகிறது' என்கிறார்கள். நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். அதுவரை மீனைக் காப்பாற்ற நம் கையில் இருப்பவை இரண்டுதான்: எவ்வளவு தீனி போடுகிறோம், எவ்வளவு தண்ணீர் மாற்றுகிறோம். இந்த இரண்டைப் பற்றியும்தான் கடைகளில் நேர்மாறான யோசனைகள் கிடைக்கின்றன. "தண்ணியத் தொடாதீங்க சார், பழைய தண்ணிதான் மீனுக்கு நல்லது" என்பார் ஒருவர். "வாரம் ஒருவாட்டி எல்லாத்தையும் எடுத்துக் கழுவி, கல்லைத் தேய்ச்சு, புதுத் தண்ணி ஊத்துங்க" என்பார் இன்னொருவர். இரண்டுமே மீனைக் கொல்லும். ஏன் என்று தெரிய, அந்தத் தண்ணீருக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

இருபது நாள் காத்திருந்த மணல்

1877-ஆம் ஆண்டு பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் ஒரு நீண்ட குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பி, அதன் வழியாகச் சாக்கடை நீரை மெதுவாகக் கசியவிட்டார்கள். முதல் இருபது நாட்கள் உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதற்குப் பிறகு அம்மோனியா குறைந்து, அதைவிட நஞ்சு மிகக் குறைந்த நைட்ரேட் வரத் தொடங்கியது. இது வெறும் வேதிவினையாக இருந்திருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். இருபது நாள் தாமதம் ஏன்? குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியபோது மாற்றம் அடியோடு நின்றது. ஆவியை நீக்கி, கொஞ்சம் மண் கரைத்த நீரை ஊற்றியபோது மீண்டும் தொடங்கியது. வேலை செய்தது ஓர் உயிர் என்பது அதனால் உறுதியானது.

புது மீன்தொட்டிக்காரர் ஒவ்வொருவரும் தெரியாமலே இதே சோதனையைத்தான் செய்கிறார். கற்களும் ஃபில்டர் ஸ்பாஞ்சும் அந்த மணல், மீனின் கழிவு அந்தச் சாக்கடை நீர். காத்திருப்பும் அதேபோல் வாரக்கணக்கில்தான். ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து போட்டால் காத்திருப்பு பல நாட்கள் குறையும் என்பதும் அந்த மண் கரைத்த நீரில் அப்போதே தெரிந்துவிட்டது.

1890 வாக்கில் சூரிச் நகரில் இருந்த ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி இந்த உயிர்களைப் பிரித்தெடுத்து வளர்த்தார். அவற்றுக்குச் சர்க்கரையோ புரதமோ வேண்டாம். அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும்போது கிடைக்கும் சொற்ப ஆற்றலைக் கொண்டு, கரியமில வாயுவிலிருந்து தங்கள் உடலைக் கட்டிக்கொள்பவை அவை. நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற வேறொரு கூட்டம் உண்டு. இவ்வளவு சொற்ப வருமானத்தில் வாழ்வதால் அவை பெருகுவதும் மெதுவாகத்தான். மீதித் தீனியை அழுகவைக்கும் சாதாரணப் பாக்டீரியா அரைமணி நேரத்திலேயே இரட்டிக்கும். நைட்ரஜனை மாற்றும் இந்த உயிர்கள் இரட்டிக்க ஒரு நாள்வரைகூட ஆகும், சில சமயம் அதற்கும் மேல். புதுத் தொட்டியில் நான்காம் நாள் வரும் வெள்ளைக் கலங்கல் அந்த வேகக்காரர்களின் கூட்டம். நமக்குத் தேவையானவர்கள் அப்போதுதான் வந்து சேர்ந்திருப்பார்கள்.

நூறு ஆண்டுகளாகப் பாடநூல்களில் நைட்ரோசோமோனஸ், நைட்ரோபாக்டர் என்ற இரு பெயர்களே இருந்தன. நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்த ஹோவனெக் குழுவினர் 1990-களின் பிற்பகுதியில், நைட்ரைட் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா என்ற வேறொன்று என்று காட்டினார்கள். 2005-இல் சியாட்டில் நகரத்துப் பொது மீன்காட்சியகத்தின் ஒரு கடல்நீர்த் தொட்டியிலிருந்து, பாக்டீரியாவே அல்லாத ஆர்க்கியா வகை உயிர் ஒன்று அம்மோனியாவை மாற்றுவதாகக் கண்டறியப்பட்டது. மிகமிகக் குறைந்த அம்மோனியாவிலும் அது வாழும் என்பது பின்னர் அளந்து காட்டப்பட்டது. 2015-இல் அம்மோனியாவை நைட்ரேட் வரைக்கும் தனியாளாகவே கொண்டுபோகும் நைட்ரோஸ்பைரா வகைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றில் சில, மீன் வளர்ப்பு நிலையம் ஒன்றின் ஃபில்டரிலிருந்து கிடைத்தவை. நம் வரவேற்பறைத் தொட்டிகளின் உறவுக்காரத் தொட்டிகள் அறிவியலுக்குச் செய்த உதவி இது. கொஞ்ச அம்மோனியாவிலேயே வாழத் தெரிந்த உயிர்கள்தான் தொட்டியில் குடியேறுகின்றன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே தண்ணீர் மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது இது வேண்டும்.

டப்பாவிலிருந்து வரும் நஞ்சு

தொட்டிக்குள் அம்மோனியா எங்கிருந்து வருகிறது? மீனிடமிருந்து என்போம். மீனுக்கு அது எங்கிருந்து வந்தது? தீனியின் புரதத்திலிருந்து. புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். மீன் அதில் ஒரு பகுதியைத் தசையாக்கிக்கொண்டு, மீதியைப் பெரும்பாலும் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. ஆக, புதுத் தொட்டியில் சேரும் நஞ்சு ஏறக்குறைய முழுவதும் நம் விரல்நுனி வழியாகத்தான் உள்ளே போகிறது.

மீன் பண்ணைக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தீனியில் உள்ள புரதத்தின் எடையில் சுமார் 9 சதவீதம் அம்மோனியா நைட்ரஜனாகத் தண்ணீரில் சேரும். கடையில் கிடைக்கும் குருணைத் தீனியில் 40 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் தீனிக்கு ஏறத்தாழ 37 மில்லிகிராம். 50 லிட்டர் தொட்டியில் இது லிட்டருக்கு 0.7 மில்லிகிராமுக்கும் மேல். ஒரே நாளில், ஒரே ஒரு கிராமில்.

இது தின்று செரித்த தீனிக்கான கணக்கு. தின்னாமல் கல்லிடுக்கில் விழுந்து அழுகும் தீனியில் மீனின் தசைக்குப் போகும் பங்கு கிடையாது. அதே ஒரு கிராமிலிருந்து 64 மில்லிகிராம் வரை வரக்கூடும். மீனின் வாயில் விழாத தீனி இப்படி ஏறக்குறைய இரட்டைச் சேதம்.

ஒரு கிராம் என்றால் எவ்வளவு என்பது கண்ணளவில் தெரியாது. அதற்கு எளிய வழி இருக்கிறது. நூறு கிராம் டப்பாவைத் திறந்த தேதியை அதன் மூடியிலேயே எழுதிவையுங்கள். ஒரு மாதத்தில் காலியானால், நாளுக்கு மூன்று கிராமுக்கு மேல் போட்டிருக்கிறீர்கள். வளர்ந்த கப்பி ஒன்றின் எடையே ஒரு கிராமுக்குக் கீழ்தான். ஆறு கப்பிக்கு நாளுக்கு மூன்று கிராம் என்பது மீன்களின் மொத்த எடைக்குப் பக்கத்தில் போகும். அவற்றுக்கு உண்மையில் வேண்டியது அதில் முப்பதில் ஒரு பங்கு.

வீட்டில் நடப்பதோ வேறு. காலையில் தாத்தா போடுவார், பள்ளி விட்டு வந்த பிள்ளை போடும், இரவில் அப்பா போடுவார். ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாது. 'சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு இரண்டு மூன்று முறை' என்று டப்பாவில் அச்சிட்டிருப்பது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டிக்குப் பொருந்தலாம். நுண்ணுயிர் இல்லாத தொட்டிக்கு அது மிக அதிகம். சைக்கிள் முடியும்வரை டப்பா ஒருவர் கையில் இருக்கட்டும். ஒன்றுவிட்டு ஒருநாள், ஒரு வேளை, அரை நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. குருணையை விரலில் நசுக்கிப் போட்டால் ஒவ்வொரு மீனுக்கும் கிடைக்கும், அடியில் விழாது.

'பட்டினி போடுவது பாவம் இல்லையா?' என்று கேட்பவர்கள் உண்டு. மீன் தன் உடலைச் சூடாக வைத்துக்கொள்ள எதையும் செலவழிப்பதில்லை. அதனால் நம்மைப்போலவோ நாய் பூனையைப்போலவோ மூன்று வேளை அதற்குத் தேவைப்படுவதில்லை. ஆரோக்கியமான வளர்ந்த மீன் பல நாட்கள் தீனி இல்லாமல் தாங்கும், அம்மோனியாவை அப்படித் தாங்காது. குஞ்சுகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்கு நாளுக்குப் பலமுறை உணவு வேண்டும். அதனாலேயே குஞ்சுகளைப் புதுத் தொட்டியில் விடவே கூடாது.

இதில் என்னை மிகவும் வருத்தும் ஒன்று உண்டு. அம்மோனியாவாலோ நைட்ரைட்டாலோ செவுள் கெட்ட மீன், மூச்சுக்காக மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பார்ப்பவர்களுக்கு அது பசியாகத் தெரிகிறது. அன்போடு இன்னொரு சிட்டிகை போடுகிறார்கள். பசித்த மீன் நம் கை அசைந்தால் பாய்ந்து வரும், துடுப்பு விரிந்திருக்கும். மூச்சுத் திணறும் மீன் கை அசைந்தாலும் அசையாமலும் மேலேயே நிற்கும், செவுள் வேகமாக அடிக்கும், துடுப்பு ஒட்டிக்கிடக்கும். இந்த வேறுபாட்டை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டால் பல மீன்கள் பிழைக்கும்.

வாளியும் வகுத்தல் கணக்கும்

இனி தண்ணீர். 50 லிட்டர் தொட்டியில் நாளுக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அம்மோனியா சேர்கிறது, அதைத் தின்ன இன்னும் யாரும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். தினமும் கால்பங்குத் தண்ணீரை மாற்றினால் என்ன ஆகும்? அளவு நாளுக்கு நாள் ஏறி, ஒரு கட்டத்தில் நாளைய வரவும் வாளியில் போகும் செலவும் சமமாகி நிற்கும். அந்த இடம் வரவை மாற்றும் பங்கால் வகுத்தால் கிடைக்கும்: 0.2-ஐ 0.25-ஆல் வகுத்தால் 0.8. தினமும் பாதித் தண்ணீர் மாற்றினால் 0.4.

இப்போது தண்ணீரை விட்டுவிட்டுத் தீனியைப் பாதியாக்குங்கள். கால்பங்கு மாற்றத்திலேயே 0.4 வந்துவிடும். தீனியைப் பாதியாக்குவதும் சுமக்கும் தண்ணீரை இரட்டிப்பாக்குவதும் ஒன்றுதான். லாரித் தண்ணீர் வாங்கிச் செலவழிக்கும் சென்னை வீட்டுக்கு இது சிறிய செய்தி அல்ல. இரண்டையும் செய்தால், அதாவது பாதித் தீனி, பாதித் தண்ணீர், 0.2-இலேயே நிற்கும்.

வாரம் ஒருமுறை கால்பங்கு என்ற வழக்கமான அட்டவணை இங்கே ஏன் போதாது என்பதும் இதே கணக்கில் தெரியும். வாரத்துக்கு 1.4 சேர்கிறது, வாரத்துக்குக் கால்பங்கு போகிறது. அளவு 5.6 வரை போகலாம். அது நிற்கும் முன்பே மீன் இருக்காது. வாராந்தர அட்டவணை சைக்கிள் முடிந்த தொட்டிக்கானது.

"அடிக்கடி தண்ணி மாத்துனா நல்ல பாக்டீரியா போயிடுமே?" என்பது அடுத்த கேள்வி. போகாது. இந்த உயிர்கள் தண்ணீரில் மிதந்து வாழ்பவை அல்ல. ஸ்பாஞ்சின் துளைகளில், கற்களின் மேல், கண்ணாடிச் சுவரில், வழவழவென்ற படலமாக ஒட்டி வாழ்பவை. தண்ணீரை எடுக்கும்போது அவற்றில் மிகச் சிறு பங்குதான் போகும். "அம்மோனியா குறைந்தால் அவற்றுக்குச் சாப்பாடு இல்லாமல் போகுமே?" என்பதும் வீண் அச்சம்தான். மேலே சொன்னபடி இவற்றில் பல, கிடைக்கும் சொற்பத்தை உறிஞ்சி வாழத் தெரிந்தவை. மீன் நாள் முழுதும் அம்மோனியாவைச் சுரந்துகொண்டேதான் இருக்கிறது. தண்ணீர் மாற்றுவதால் சைக்கிள் சில நாட்கள் தள்ளிப்போகலாம், நின்றுவிடாது. மிக அதிகமான அம்மோனியாதான் நைட்ரைட்டைத் தின்னும் கூட்டத்தை முடக்கி, காத்திருப்பை நீட்டும்.

மாற்றும் தண்ணீரில் கவனம் வேண்டியது குளோரின். இந்தியக் குடிநீர்த் தர அளவின்படி, குழாயில் வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். நமக்கு அது பாதுகாப்பு. நன்னீர் உயிர்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் குறுகிய கால வரம்பு 0.019. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். வாளியில் ஒருநாள் திறந்து வைத்த தண்ணீர், அல்லது மீன் கடையில் கிடைக்கும், குளோரினை முறிக்கும் ஹைப்போ படிகத்தை (சோடியம் தயோசல்பேட்) அளவோடு கலந்த தண்ணீர் இரண்டில் ஒன்று போதும். மேல்நிலைத் தொட்டியை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய வாரம் இரண்டையும் செய்யுங்கள். புதுத் தண்ணீரின் சூடு தொட்டியின் சூட்டோடு ஒத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மாடித் தொட்டியிலிருந்து நண்பகலில் பிடித்த தண்ணீரை நேராக ஊற்றிவிடாதீர்கள்.

அதே அம்மோனியா, வேறு வேறு ஊர்

ஒரு மில்லிகிராம் அம்மோனியா எல்லாத் தொட்டியிலும் ஒரே அளவு நஞ்சு அல்ல. தண்ணீரில் அது இரு வடிவில் இருக்கும். அம்மோனியம் அயனி செவுளுக்குள் எளிதில் நுழையாது. தனி அம்மோனியா நுழையும், அதுதான் நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஹெச்சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில் பிஹெச் 7 என்றால் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே நஞ்சு வடிவில் இருக்கும். அதே வெப்பத்தில் பிஹெச் 8 என்றால் ஏழு சதவீதத்துக்கு மேல். கடையில் வாங்கும் சொட்டுமருந்துச் சோதனை மொத்தத்தைத்தான் காட்டும். அதனால் பிஹெச்சையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, பிஹெச் 7.5-க்கு மேல் இருப்பது சகஜம். தொட்டித் தண்ணீர் ஆண்டில் பல மாதம் 28 முதல் 32 டிகிரி வரை இருக்கும். குளிர்நாட்டுக்காரர் ஒருவர் '1 வரைக்கும் பரவாயில்லை' என்று எழுதியதை நம் தொட்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. போர் தண்ணீர்த் தொட்டியில் மொத்த அம்மோனியா 0.5-ஐத் தொட்டாலே அன்றே மூன்றில் ஒரு பங்கு மாற்றுவதுதான் என் வழக்கம். வெப்பம் நமக்கு ஒரு நன்மையும் செய்கிறது. 25 முதல் 30 டிகிரியில் இந்த நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகப் பெருகும். ஹீட்டர் வாங்க வேண்டியதே இல்லை. ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, இந்த உயிர்களோ ஆக்சிஜனை ஏராளமாக உறிஞ்சுபவை. ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும்.

'போர் தண்ணி உப்பா இருக்கு' என்று கேன் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு வேறு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்றும்போது சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை, அதாவது பிஹெச்சைச் சரியாமல் தாங்கும் இருப்பு, செலவாகும். ஆர்ஓ வழியாக வந்த தண்ணீரில் அந்த இருப்பு மிகக் குறைவு. லிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் இருந்தால், நாளுக்கு 0.2 அம்மோனியா என்ற கணக்கில் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிய இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். பிஹெச் 6-ஐ நோக்கிச் சரியும். நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்தும். அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும், ஆனால் புளிப்புத் தண்ணீரில் அது நஞ்சில்லாத வடிவில் இருப்பதால் மீன் சாகாமல் இருக்கும். அப்போது யாராவது 'சுத்தம் செய்கிறேன்' என்று போர் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால் பிஹெச் சட்டென்று ஏறி, சேர்ந்திருந்ததில் பெரும்பங்கு சில நிமிடங்களில் நஞ்சாக மாறும். 'தண்ணி மாத்துனதும் செத்துப்போச்சு' என்ற புகாருக்குப் பின்னால் பல இடங்களில் இருப்பது இதுதான். 'பழைய தண்ணிதான் நல்லது' என்ற நம்பிக்கையும் இப்படிப்பட்ட சாவுகளைப் பார்த்துத்தான் வளர்ந்திருக்க வேண்டும். இந்த நிலையில் உள்ள தொட்டிக்கு நாளுக்குப் பத்தில் ஒரு பங்காக, பொறுமையாக மாற்ற வேண்டும். முதலிலிருந்தே கேன் தண்ணீரோடு போர் தண்ணீரைக் கலந்து பயன்படுத்தினால் இந்த நிலையே வராது.

மூன்றாம் வாரத்து நைட்ரைட்

அம்மோனியா இறங்கத் தொடங்கியதும் பலர் நிம்மதியடைந்து தீனியைக் கூட்டிவிடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் நைட்ரைட் ஏறுகிறது. அதைத் தின்னும் கூட்டம் அடுத்து வர வேண்டியது. நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்துக்குள் போய், ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினைச் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடும். இரத்தம் பழுப்பாகும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் மூச்சுத் திணறும்.

இதற்குச் சமையலறையிலேயே ஒரு தற்காப்பு இருக்கிறது. நைட்ரைட்டும் உப்பிலுள்ள குளோரைடும் செவுளில் ஒரே வாசலுக்குப் போட்டியிடுகின்றன. குளோரைடு நிறைய இருந்தால் நைட்ரைட் உள்ளே போவது வெகுவாகக் குறையும். பத்து லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு போதும், 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி. இந்த அளவு செடிகளையும் பாதிக்காது. தண்ணீர் மாற்றும்போது எடுத்த பங்குக்கு மட்டும் உப்பைச் சேருங்கள். உப்பு ஆவியாகாது, ஒவ்வொரு முறையும் முழு அளவு போட்டால் கூடிக்கொண்டே போகும். உப்பு போட்டாயிற்று என்று தண்ணீர் மாற்றத்தை நிறுத்திவிடவும் கூடாது. தீனி இந்த வாரமும் குறைவாகவே இருக்கட்டும்.

சாகும் மீனைப் பார்த்துப் பதறி நீல மருந்தை ஊற்றுவது இன்னொரு வழக்கம். மெத்திலீன் ப்ளூ பூஞ்சைக்கு நல்ல மருந்துதான். ஆனால் நாம் வாரக்கணக்கில் காத்து வளர்க்கும் நுண்ணுயிர்களையும் அது தாக்கும். மருந்து கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மீனைத் தனி வாளியில் எடுத்துக் கொடுங்கள்.

கழுவக் கூடாதவை

ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒரு பாத்திரத்தில் நான்கு முறை பிழிந்து மாட்டுங்கள். குழாயடியில் காட்டினால் குளோரின் படலத்தைக் கொல்லும், சோப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கற்களை வெளியே எடுத்து அரிசி களைவதுபோல் களையாதீர்கள், குழாயால் அழுக்கை மட்டும் உறிஞ்சினால் போதும். வாரந்தோறும் எல்லாவற்றையும் கழுவும் வீட்டில் தொட்டிக்கு ஒவ்வொரு ஞாயிறும் முதல் நாள்தான்.

பாட்டிலில் விற்கும் பாக்டீரியாக்களில் சில உண்மையாகவே வேலை செய்யும். ஆனால் நைட்ரஜனை மாற்றும் இந்த உயிர்கள் வித்துறை கட்டி உறங்கத் தெரியாதவை. வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் இருந்த பாட்டிலில் உயிரோடு எதுவும் மிஞ்சியிருக்கும் என்று நம்ப முடியாது. நண்பர் வீட்டுத் தொட்டியின் அழுக்கு ஸ்பாஞ்ச் அதைவிட மேல், இலவசமும்கூட. அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் அது காய்ந்துவிடாமல் அதே தொட்டித் தண்ணீரோடு கொண்டுவாருங்கள். ஒரு கொத்து ஹைட்ரில்லா போட்டாலும் அது அம்மோனியாவை நேராகவே உறிஞ்சும்.

மீனே இல்லாமல் சைக்கிளை முடிக்கவும் வழி உண்டு, மனிதாபிமானமான வழி அதுதான். பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது தேய்ப்பார்களே நவச்சாரம், அது அம்மோனியம் குளோரைடு. அதன் தூய வடிவத்தை ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் வாங்கி, அளந்து போட்டு, நுண்ணுயிர்களை முதலில் வளர்த்துவிட்டு, பிறகு மீன் வாங்கலாம். தீனிக் கவலையும் இல்லை, தினசரி வாளியும் இல்லை. பொறுமை உள்ளவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் இதைப் படிக்கும்போது மீன் ஏற்கெனவே தொட்டிக்குள் இருக்கும் என்பதால்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

சோதனைப் பெட்டி வாங்க முடிந்தால் வாங்குங்கள், அதன் விலை பத்துப் பதினைந்து கப்பியின் விலைக்கு மேல் போனாலும். வாங்க முடியாதவர்கள் முதல் மூன்று வாரம் தினமும் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு, அடுத்த மூன்று வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள் அதே அளவு மாற்றுங்கள். மீன் மேலே வந்து திணறினால் அன்றைய தீனியை நிறுத்திவிட்டுப் பாதித் தண்ணீர். கேன் தண்ணீர் ஊற்றிப் புளித்துப்போன தொட்டிக்கு மட்டும் இது பொருந்தாது, அங்கே மேலே சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

சைக்கிள் முடிந்ததற்கு அடையாளம், தீனி போட்ட மறுநாளும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருந்து, நைட்ரேட் மட்டும் ஏறுவது. இப்படி ஒரு வாரம் நிலைத்திருக்க வேண்டும். பிறகு தீனியை நாளுக்கு ஒரு வேளையாக்கலாம், தண்ணீர் மாற்றத்தை வாரம் ஒருமுறை கால்பங்காகக் குறைக்கலாம். புது மீன் வாங்குவதானால் ஒரு தடவைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் இருக்கும் மீன்களின் கழிவுக்குத் தக்க அளவில்தான் வளர்ந்திருக்கும். மீன் சேர்த்த பிறகு ஒரு வாரம் தீனியை மறுபடி குறைத்து, அம்மோனியாவை மறுபடி சோதித்துப் பாருங்கள்.